திருகோணமலையிலிருந்து மலைநாட்டுக்கு 4 நாள் பஸ் சுற்றுலா: பாதை, நேரக் கணக்கு, கவனிக்க வேண்டியவை?

உப்புவெளி_சனசமூகம்

வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தால் ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் 42 பேர் மலைநாடு போவதாக இருக்கிறோம். 60 வயதுக்கு மேல் 14 பேர், சின்னப் பிள்ளைகள் 9 பேர். 3 இரவு, 4 பகல். வழிகாட்டி ஒருவர் கூட வருவார். இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம் இது:

முதல் நாள்: சீகிரியா, தம்புள்ளைக் குகைக் கோயில், மாத்தளை முத்துமாரியம்மன், இரவு கண்டி.
2ஆம் நாள்: தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, றம்பொடை அனுமான் கோயில், இரவு நுவரெலியா.
3ஆம் நாள்: சீதையம்மன் கோயில், ஹக்கலைப் பூங்கா, எல்ல ஒன்பது வளைவுப் பாலம், இராவணன் நீர்வீழ்ச்சி, இரவு பண்டாரவளை.
4ஆம் நாள்: மகியங்கனை, பொலன்னறுவை, ஹபரணை வழியாக வீடு.

54 இருக்கைப் பெரிய பஸ் ஒன்று பேசி வைத்திருக்கிறோம். இந்த ஓட்டம் சரிவருமா? எதை வெட்டலாம்? ரயிலிலும் ஒரு துண்டு போகவேண்டும் என்று பிள்ளைகள் நிற்கிறார்கள்.

---

கந்தளாய்ச்_சந்தி

வட்டம் சரி. றம்பொடைப் பக்கத்தால் ஏறி, பதுளை – மகியங்கனையால் இறங்குவதுதான் நமக்குத் தோதான சுற்று. போன வழியாலேயே திரும்பி வந்தால் கண்டி நெரிசலை இரண்டு தரம் சாப்பிடவேண்டும். ஆனால் இடங்களின் எண்ணிக்கை கூடிப்போச்சு. கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டம் போட்டிருக்கிறீங்கள். மலையில் மணித்தியாலத்தைப் பார்த்துப் போடவேணும்.

திருமலை – ஹபரணை 85 கி.மீ. இரண்டு மணித்தியாலம். கண்டி – நுவரெலியா அதைவிடக் குறைவு, 77 கி.மீ.தான். பெரிய பஸ்ஸுக்கு மூன்றரை மணித்தியாலம் வையுங்கோ. கம்பளை தாண்டினதும் வளைவு தொடங்கிவிடும், புசல்லாவையிலிருந்து றம்பொடை வரை இரண்டாம் மூன்றாம் கியரிலேயே ஏறும். வாந்தி தொடங்குவதும் அங்கேதான். மாத்திரை போடுகிறவர்கள் கம்பளை வந்தபிறகு போட்டுப் பிரயோசனமில்லை, கண்டியில் பஸ் ஏற முன்னமே போட்டிருக்கவேணும்.

4ஆம் நாளைப் பாருங்கோ. பண்டாரவளையிலிருந்து பதுளை, மகியங்கனை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, திருமலை என்று கிட்டத்தட்ட 300 கி.மீ. நடுவில் பொலன்னறுவையில் மூன்று மணித்தியாலம் இறங்கி நின்றால் ஹபரணைக்கு வர இருட்டிவிடும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் கல்ஓயாப் பக்கம் பொழுதுபட்டால் யானை வீதிக்கு வரும். விளக்கு வெளிச்சத்தில் யானையின் நிறமும் தாரின் நிறமும் ஒன்று, கிட்ட வரும்வரை தெரியாது. வந்தால் ஹோர்ன் அடிக்கக்கூடாது, உயர் வெளிச்சத்தை ஏற்றி இறக்கக்கூடாது, தூரத்தில் நிறுத்திக் காத்திருக்கிறதுதான். 42 பேருடன் ஏன் இந்த வேலை?

ஆகவே பொலன்னறுவையை முதல் நாளுக்கு மாத்துங்கோ. சீகிரியாவை விடுங்கோ. 1,200 படி அளவில் இருக்கு, ஏறும் சனத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கவேணும், குளவி கலைந்தால் இறங்கி ஓட இடமில்லை. 14 முதியவர்களைக் கீழே மூன்று மணித்தியாலம் மரத்தடியில் இருத்திவைக்கிறது சுற்றுலா இல்லை. பொலன்னறுவை சமதரை, பஸ் ஒவ்வொரு இடத்துக்கும் கிட்டப் போகும்.

முதல் நாள் இப்படி ஓடும்: 5.45க்குப் புறப்பாடு. அதற்கு முன் வேண்டாம், கந்தளாய் தாண்டும்போது வெளிச்சம் வந்திருக்கவேணும். 8 மணிக்கு ஹபரணையில் காலைச் சாப்பாடு. 9.15க்குப் பொலன்னறுவை, 12.30க்கு வெளியே. திரும்ப ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை. 6 மணிக்குள் கண்டி. கடைசி நாள் பண்டாரவளையில் விடிந்ததும் எடுத்தால் மகியங்கனையில் காலைச் சாப்பாடு, பின்னேரம் 4 மணிக்கு வீடு.

பஸ்ஸைப் பற்றி. உரிமையாளரிடம் விலை பேச முன் சாரதியைப் பார்த்துப் பேசுங்கோ. திருமலை – கொழும்பு ஓடுகிற நல்ல சாரதி என்றது மலைக்குப் போதாது. “ஹக்கலையிலிருந்து வெலிமடைக்கு என்ன கியரில் இறக்குவீங்கள்?” என்று கேளுங்கோ. ஏறுகிற கியரிலேயே இறங்குவேன், எக்சோஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) போட்டுக்கொள்வேன் என்றால் ஆள் பழக்கம். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்கிறவரை அப்படியே வாசலோடு அனுப்புங்கோ.

காரணம் இதுதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் ட்ரம் சூடேறி, லைனிங் பிடிமானத்தை இழந்துவிடும். மிதி மிதிபடும், வண்டி நிற்காது. விட்டுவிட்டு அடிக்கடி மிதித்தால் எயார் தாங்கியில் காற்றழுத்தம் இறங்கும், அது வேறொரு ஆபத்து. கருகல் மணம் வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி, சில்லுக்குக் கல் வைத்து, அரை மணித்தியாலம் ஆறவிடவேணும். தண்ணீர் ஊற்றக்கூடாது, சூடான ட்ரம் வெடிக்கும்.

முன் சில்லு இரண்டில் ஒன்றிலாவது றீபில்ட் டயர் (பழைய டயருக்குப் புது மேற்பரப்பு ஒட்டியது) இருந்தால் பஸ்ஸை மாற்றச் சொல்லுங்கோ. வீதி அனுமதியோடு ஓடும் தனியார் பஸ் என்றால், இந்தப் பயணத்துக்குத் தனி அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கவேணும். காப்புறுதியும் அதோடு சேர்த்துப் பாருங்கோ. சாரதிக்கு விடுதியில் கட்டில் கொடுங்கோ. பஸ்ஸுக்குள்ளே படுக்கச் சொல்லிவிட்டு விடிய மலை இறக்கச் சொல்வது நம்மாட்களின் பழைய கெட்ட பழக்கம்.

மலை வீதியில் இருட்டில் ஓட்டமே வேண்டாம். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் விழுந்தது விடிய முன்னர், அதே வருடம் செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் விழுந்தது இரவில். நீங்கள் போட்டிருக்கும் இராவணன் நீர்வீழ்ச்சி அந்த வெல்லவாய வீதியில்தான், எல்லவிலிருந்து 6 கி.மீ. இறக்கம். பெரிய பஸ்ஸுக்கு அங்கே நிறுத்தவும் இடம் காணாது. வெட்டிவிடுங்கோ.

---

மலைவழி

கந்தளாய் அண்ணா சொன்ன பாதைக்கு நான் கையெழுத்து வைக்கிறேன். இடங்களைப் பற்றிச் சிலது.

பொலன்னறுவையில் தமிழர் ஒரு கூட்டமாகப் போய், கல் விகாரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. இரண்டாம் சிவாலயத்தைத் தவறவிட வேண்டாம். வானவன்மாதேவி ஈஸ்வரம் என்பது அதன் பெயர், இராஜராஜனின் அரசியின் பெயரால் வந்தது. சோழர் காலத்துக் கருங்கல் கட்டடம். சுற்றிலும் உள்ள செங்கல் கட்டடங்கள் சிதைந்து நிற்க, இது கூரையோடு முழுதாக நிற்கிறது. விமானத்தின் மாடங்களைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள், கிட்டப் போனால் தெரியாது. சோழர் 993இல் அனுராதபுரத்தைப் பிடித்தபின் தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாற்றினார்கள், 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். அவன் காலத்துக்குப் பின் தலதாவை (புத்தரின் புனிதப் பல்லை) காக்கும் பொறுப்பு வேளைக்காரர் என்ற தமிழ்க் கூலிப்படையிடம் இருந்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு நாற்சதுர முற்றத்தில் நிற்கிறது. வழிகாட்டி இந்த இரண்டையும் காட்டுவாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அடையாள அட்டை உள்ளவராகவும், தமிழில் விளக்கக்கூடியவராகவும் பாருங்கள். சிங்களத்தில் கேட்டுத் தமிழில் சுருக்கிச் சொல்பவரிடம் பாதி போய்விடும்.

அங்கே செருப்பைக் கழற்றவேண்டும். 10 மணிக்குப் பிறகு கல்தரை சுடும் சூடு முதியவர்களின் பாதத்துக்கு ஆகாது. ஆளுக்கு ஒரு சோடி பழைய மேசு கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல. பெட்டி பஸ்ஸின் அடியில் இருக்கும். தொப்பியும் கோயில் முற்றங்களில் கழற்றவேண்டும் என்பதால் வெயிலுக்குத் தொப்பியை மட்டும் நம்பவேண்டாம். தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கு ஒரு லீட்டர்.

தோளும் முழங்காலும் மூடிய உடை பொலன்னறுவையிலும் தலதா மாளிகையிலும் கட்டாயம். பிள்ளைகளின் கட்டைக் காற்சட்டைக்கு வாசலில் தடை வந்தால் 42 பேரும் நிற்பீர்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக்கூடாது என்பதை பஸ்ஸுக்குள்ளேயே மைக்கில் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் யாராவது கூட வருகிறார்களா? இங்கே பிறந்தவர் என்பதும் தமிழ் பேசுவதும் நுழைவுச்சீட்டுக்குக் கணக்கில்லை. இலங்கை அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ இல்லாவிட்டால் வெளிநாட்டவர் கட்டணம், அது டொலர்க் கணக்கு. ஆள் ஆளாகத் தெரிந்துகொண்டு காசு பிரியுங்கள், இல்லாவிட்டால் சீட்டு யன்னலில் சண்டை.

தலதா மாளிகையில் காலைப் பூசை 9.30 அளவில். 8.45க்கு வாசலில் நில்லுங்கள், பாதுகாப்புச் சோதனை நேரம் எடுக்கும். பஸ் கிட்ட வராது, நடக்கவேண்டும். கண்டியில் பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் மதியம் 1 தொடக்கம் 2 மணிவரை வீதி நகராது. விடுமுறை என்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஆகஸ்ட் என்றீர்கள். தலதா மாளிகையின் ஊர்வலமான எசல பெரஹரா ஓகஸ்ட் பௌர்ணமியை ஒட்டி முடியும், சில வருடங்களில் அந்தப் பத்து நாளும் விடுமுறைக்குள் வந்துவிடும். அந்த நாட்களில் பின்னேரமே வீதிகளை மூடுவார்கள், அறை வாடகை பலமடங்கு. நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் தேதியை வையுங்கள், அல்லது அந்த இரவைக் கண்டிக்குப் பதிலாக மாத்தளையில் கழியுங்கள்.

பேராதனைப் பூங்கா 147 ஏக்கர். இரண்டு மணித்தியாலம் இல்லாமல் உள்ளே போகவேண்டாம். போனால் றம்பொடைக்கு மூடுபனியில்தான் சேர்வீர்கள். ஆகஸ்டில் தென்மேல் மழை அந்தப் பக்கச் சரிவில்தான் விழும், பின்னேரம் எதிரே வரும் லொறியே தெரியாது. ஹக்கலைப் பூங்கா எப்படியும் 3ஆம் நாளில் வருகிறது. ஒரு சுற்றுலாவுக்கு ஒரு பூங்கா போதும் என்பது என் எண்ணம்.

---

தெமோதரை_வளையம்

ரயில் விடயம் மட்டும். ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில். நானுஓயாவில் ஏறி எல்லவில் இறங்கினால் பாலத்தின் மேல் போகவே மாட்டீர்கள். பலர் இறங்கியபின்தான் இதை அறிகிறார்கள். தெமோதரைக்குச் சீட்டு எடுங்கள், பஸ் அங்கே வந்து நிற்கட்டும், அது எல்ல – பதுளை வீதிக்குக் கிட்ட. எல்ல நகருக்குள் பெரிய பஸ்ஸைத் திருப்புவதும் தப்பும்.

பாலத்தைக் கீழிருந்தும் பார்க்க விரும்பினால் அது தனி வேலை. எல்லவிலிருந்து முச்சக்கரவண்டி, அதன்பின் சறுக்கலான இறக்கம். முதியவர்களுக்கு வேண்டாம்.

42 பேருக்கு முன்பதிவு இல்லாமல் மூன்றாம் வகுப்பில் ஏறலாம் என்று நினைக்காதீர்கள், நானுஓயாவில் வண்டி வரும்போதே வாசல்படிவரை ஆள். முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், திறந்த அன்றே எடுக்கவேண்டும். கொழும்பிலிருந்து காலையில் புறப்படும் வண்டிகள் மதியம் அளவில் நானுஓயாவுக்கு வரும், ஒரு மணித்தியாலம் பிந்துவது சாதாரணம். மண்சரிவு வந்தால் இந்தப் பாதைதான் முதலில் மூடப்படும், ஆகவே ரயில் ஏறுவதற்கு முந்திய நாள் மாலை நிலையத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

---

உப்புவெளி_சனசமூகம்

மூவருக்கும் நன்றி. சீகிரியா, பேராதனை, இராவணன் நீர்வீழ்ச்சி மூன்றையும் வெட்டியாச்சு. இரண்டு கேள்வி மிச்சம். சமையலை நாமே செய்தால் காசு மிச்சம் என்று சிலர் காஸ் சிலிண்டர் ஏற்றச் சொல்கிறார்கள். மற்றது, ரயிலில் போகும் அன்று சீதையம்மன் கோயிலும் ஹக்கலையும் எப்படிப் பொருந்தும்?

---

கந்தளாய்ச்_சந்தி

சிலிண்டர் பஸ்ஸுக்குள் வேண்டவே வேண்டாம். வளைவில் உருண்டால் வால்வு அடிபடும், யன்னல் எல்லாம் குளிருக்கு மூடியிருக்கும். முதல் நாள் காலைக்கு மட்டும் வீட்டிலிருந்து கட்டுங்கோ: ரொட்டியும் சீனிச் சம்பலும். இடியப்பமும் சொதியும் ஹபரணைக்கு வரவே புளித்துவிடும். மற்ற நேரங்களுக்குக் கடையில் முந்திய நாளே ஆள் எண்ணிக்கையையும் சைவம் எத்தனை என்பதையும் சொல்லிவிடுங்கோ. 42 பேர் திடீரென்று நுழைந்தால் சோறு வர ஒன்றரை மணித்தியாலம், அந்தத் தாமதம் மலையில் இருட்டாக மாறும்.

டீசல் கணக்கு கேட்பார்கள்: மொத்தம் 700 கி.மீ. அளவில் வரும். மலையில் லீட்டருக்கு 4 கி.மீ. என்று வைத்தால் 175 லீட்டர். ஏற்றத்தில் ஏசியை நிறுத்தச் சொன்னால் முகம் சுழிக்கவேண்டாம், எஞ்சின் சூடேறாமல் இருக்கத்தான்.

---

மலைவழி

ரயில் நாளில் ஹக்கலையை விடுங்கள். காலை 7.30க்குச் சீதாஎலிய கோயில், நுவரெலியாவிலிருந்து 5 கி.மீ.தான். 9.30க்கு நகருக்குத் திரும்பி, நேரத்தோடு மதியச் சாப்பாடு, 11.30க்கு நானுஓயா. ஆட்களை ஏற்றிவிட்டு பஸ் வெலிமடை வழியாகத் தெமோதரைக்கு ஓடட்டும், வண்டிக்கு முன் போய்ச் சேரும். கடைசிப் பெட்டியில் ஒருவர், முதல் பெட்டியில் ஒருவர் தலை எண்ண நில்லுங்கள், தெமோதரையில் வண்டி அதிக நேரம் நிற்காது. இரவுக்குப் பண்டாரவளைக்குத் திரும்பாமல் பதுளையிலேயே தங்கினால் மறுநாள் ஒரு மணித்தியாலம் மிச்சம்.

ரயில் ஓடாவிட்டால் ஹக்கலையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். நுவரெலியா விடுதியில் அறை பேசும்போது சுடுநீர்த் தாங்கி எத்தனை லீட்டர் என்று கேட்டு, முதியவர்களை முதலில் குளிக்க விடுங்கள். நாலு பேர் அறையில் மூன்றாவது ஆளுக்கே குளிர்நீர் வந்துவிடும்.