கொலம்போவுக்கு முந்தைய பீட்டர் ஃபால்க்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அமெரிக்க நடிகர் பீட்டர் ஃபால்க் என்றாலே, கசங்கிய மழைக்கோட்டும் சுருட்டுமாக அவர் டிவியில் நடித்த துப்பறியும் போலீஸ்காரர் கொலம்போதான் ஞாபகம் வரும். 1968இல் அந்த வேடம் அமைவதற்கு முன்பே, 1960 வாக்கில் 'தி அன்டச்சபிள்ஸ்', 'நேக்கட் சிட்டி' தொடர்களில் நடித்திருக்கிறார். பின்னது நியூயார்க் தெருக்களிலேயே எடுத்தது. எனக்கு அதுதான் முக்கியம். மூன்று வயதில் வலது கண்ணை இழந்தவர். அந்தச் செயற்கைக் கண்ணின் ஒரு மாதிரியான பார்வை, கறுப்பு வெள்ளையில் வில்லன்களுக்கு எப்படிப் பொருந்துகிறது!

துண்டுக் காட்சிகளாகத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் மங்கலாக. முழு எபிசோடுகள் நல்ல பிரிண்டில் எங்கே கிடைக்கும்? டிவிடி என்றாலும் சரி. அப்புறம், அந்தக் காலத்து வேறு எந்தக் குற்றத் தொடர்களில் வந்தார் என்று தெரிந்தால், எபிசோடின் பெயரோடு எழுதுங்கள். ஆங்கில சப்டைட்டில் இருந்தால் அப்பாவுக்கும் போட்டுக் காட்டுவேன்.