பேட்டரி மாற்றி ஒன்றரை வருடம்தான், நான்கு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுக்கவில்லை. உதவி தேவை

சாலையோரம்:
வணக்கம். பெட்ரோல் கார், பேட்டரியின் கொள்ளளவு 45 ஆம்பியர்-ஹவர் (Ah). தினமும் ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. மூன்று நான்கு நாள் எடுக்காமல் விட்டால் சாவியைத் திருப்பும்போது ‘டிக்டிக்டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது, டேஷ்போர்டு விளக்குகள் மங்கிப்போகின்றன. பக்கத்து வீட்டு வண்டியில் இருந்து கேபிள் போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பேட்டரி போச்சு, புதுசு போட்டுடுங்க” என்றார். மீட்டர்கூட வைக்கவில்லை. இதற்கு முந்தைய பேட்டரியும் இப்படித்தான் சீக்கிரம் போனது. நிஜமாகவே பேட்டரிதானா? என்னிடம் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது.

மின்னல்வெட்டு:
முதலில் டெர்மினலை, அதாவது பேட்டரியில் கேபிள் மாட்டும் முனையைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பாதி வியாதி அங்கேதான்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, அவசரப்பட்டு வாங்க வேண்டாம். ஓட்டினால் ஓடுகிறது, நின்றால் இறங்குகிறது என்றால் மூன்றில் ஒன்று. என்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் முழுதாக ஏற்றவில்லை, ஏற்றியதைப் பேட்டரி பிடித்து வைக்கவில்லை, அல்லது வண்டி அணைந்த பிறகும் ஏதோ ஒன்று கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. உங்களிடம் இருக்கும் மீட்டரே போதும்.

இரவு நிறுத்திய வண்டியை, காலையில் சாவி போடும் முன் அளங்கள். 12.6 அல்லது 12.7 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. ஓட்டி வந்து நிறுத்திய கையோடு அளந்தால் மீட்டர் அழகான எண்ணைக் காட்டும், நம்ப வேண்டாம். அது மேலோட்டமாக ஏறிய சார்ஜ், சில மணி நேரத்தில் இறங்கிவிடும்.

அப்புறம் என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5க்குள் இருக்கிறதா பாருங்கள். கடைசியாக, வேறு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைக் கவனியுங்கள். ஓரளவு சார்ஜ் உள்ள பேட்டரி அந்த நேரத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால்தான் மெக்கானிக் சொன்னதை யோசிக்கலாம்.

நீலச்சக்கரம்:
ஆல்டர்னேட்டர் சோதிக்க இதைவிட எளிய வழி இருக்கிறதே. என்ஜின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வண்டி அணையாமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நல்லது.

பழைய ஸ்பேனர்:
ஐயோ, அதை யாரும் செய்து பார்க்காதீர்கள். கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டியோடு போன வித்தை அது. ஓடுகிற என்ஜினில் பேட்டரியைக் கழற்றினால் வோல்டேஜ் சட்டென்று எகிறும், வண்டியின் கம்ப்யூட்டரான இசியு போய்விடலாம். அதற்கு ஆகும் செலவில் எத்தனை பேட்டரி வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாலையோரம்:
நன்றி அண்ணா. டெர்மினலில் லேசாக வெள்ளைப் பொடி இருந்தது. அளவுகள்: காலையில் 12.3, என்ஜின் ஓடும்போது 14.2, செல்ஃப் அடிக்கும்போது 9.9.

மின்னல்வெட்டு:
அந்தப் பொடியை வெறும் துணியால் தட்டிவிடாதீர்கள், கண்ணில் பட்டால் எரியும். கையுறை போட்டுக்கொண்டு சமையல் சோடா கரைத்த தண்ணீரை பிரஷ்ஷால் தடவுங்கள். நுரைத்து அடங்கியதும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மூடி திறக்கும் பேட்டரி என்றால் சோடா தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால், நெகட்டிவ் மாட்டியிருக்கும்வரை அது நேரடி ஷார்ட்தான். மாட்டிய பிறகு கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் இறுக்கம் போதாது.

பழைய ஸ்பேனர்:
14.2 என்றால் ஆல்டர்னேட்டரை விட்டுவிடலாம். பாதிக்குச் சற்று மேலே சார்ஜ் இருக்கும்போது 9.9 வந்திருக்கிறது, மோசமில்லை. ஒரே இரவில் 12.3க்கு வந்ததுதான் உறுத்துகிறது. கரண்ட் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

மீட்டரை டிசி 10 ஆம்பியருக்கு வையுங்கள். சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுவதை மறந்துவிடாதீர்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை மாட்டுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ரிமோட் சாவியை வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள், பானெட் விளக்கு இருந்தால் அதன் சுவிட்சை அமுக்கி வையுங்கள்.

இனி பொறுமை வேண்டும். முதலில் ஒரு ஆம்பியருக்கு மேலேகூடக் காட்டும், பயப்பட வேண்டாம். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக அரை மணி நேரம், சில வண்டிகளில் இன்னும் கூடுதலாக ஆகும். எல்லாம் அடங்கிய பிறகு 20 முதல் 50 மில்லி ஆம்பியர் என்றால் சரி. கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுத்ததும் எண் சரிகிறது என்று பாருங்கள்.

சாலையோரம்:
அண்ணா, பிடித்துவிட்டேன்! அரை மணி நேரம் கழித்தும் 310 மில்லி ஆம்பியரில் நின்றது. வண்டியின் ஃபியூஸ் ஒன்றொன்றாக எடுத்தும் அசையவில்லை. அப்புறம்தான் பேட்டரி பாசிட்டிவில் இருந்து நேராக ஒரு மெல்லிய சிவப்பு வயர் போவதைக் கவனித்தேன். நடுவில் குட்டி ஃபியூஸ், போய் முடிகிற இடம் டேஷ்கேம், அதுதான் சாலையைப் பதிவு செய்யும் கேமரா. அதைப் பிடுங்கியதும் 28க்கு இறங்கிவிட்டது. அந்த டேஷ்கேம் பழைய பேட்டரி காலத்திலேயே ஒரு கடையில் போட்டது.

பழைய ஸ்பேனர்:
அப்படியானால் முந்தைய பேட்டரியைத் தின்றதும் அதுவாகத்தான் இருக்கும். 310 மில்லி ஆம்பியர் சிறிசாகத் தெரியும். ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர்-ஹவருக்கு மேல், மூன்று நாளில் 22. உங்கள் 45இல் சரிபாதி! டேஷ்கேமைச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸுக்கு மாற்றுங்கள். நிறுத்தும்போதும் பதிவாக வேண்டும் என்றால், 12.2 போல ஒரு அளவுக்கு இறங்கினால் தானே துண்டிக்கும் கருவியோடு மாட்டச் சொல்லுங்கள்.

சாலையோரம்:
செய்துவிடுகிறேன். அப்போது இந்தப் பேட்டரி நல்லதுதானா? அரை மணி நேரம் ஓட்டினால் ஏறிவிடுமா?

பழைய ஸ்பேனர்:
ஏறாது. நன்றாக இறங்கிய பேட்டரிக்கு வெளிச் சார்ஜர்தான் சரி. உங்களுடையதற்கு 4 அல்லது 5 ஆம்பியரில் ஒரு இரவு முழுக்க, காற்றோட்டமான இடத்தில் போடுங்கள்.

நல்லதா என்பது தனிக் கேள்வி. ஈயப் பேட்டரி காலியாகக் கிடந்தால் தகடுகளின் மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அந்த இடம் அப்புறம் சார்ஜ் ஏற்காது. அதனால் சார்ஜரைக் கழற்றி ஒரு நாள் சும்மா வைத்து அளங்கள். 12.6 பக்கம் நின்றால் பிழைத்தது. 12.4க்குக் கீழே வந்தால் நம்ப முடியாது. எவ்வளவு ஏற்றினாலும் 10.5 பக்கமே நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது, மாற்றுவதைத் தவிர வழியில்லை. பெட்டி உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை வாடை வந்தாலோ சார்ஜே போடாதீர்கள். வோல்ட் சரியாக இருந்தாலும், பேட்டரியிலிருந்து அதிகக் கரண்டை இழுத்துப் பார்க்கும் லோடு டெஸ்ட் ஒன்று செய்துவிடுங்கள். நிற்கிற வோல்ட் வேறு, இழுக்கிற தெம்பு வேறு.

தூரப்பயணம்:
நடுவில் ஒரு கேள்வி. நான்கு வருடமாகிவிட்டது என்பதற்காகவே மாற்றத்தான் வேண்டுமா?

பழைய ஸ்பேனர்:
மூன்று முதல் ஐந்து வருடம் என்பது பொதுவான ஆயுள், கடுமையான வெயிலில் நிற்கும் வண்டிக்கு இன்னும் குறையலாம். மூன்று வருடம் தாண்டியதும் வருடம் ஒரு முறை லோடு டெஸ்ட் செய்யுங்கள், தேறும்வரை ஓட்டுங்கள். செல்ஃப் வழக்கத்தைவிட இழுத்து இழுத்துச் சுற்றினால் அதுதான் நோட்டீஸ். ஒன்று மட்டும்: சிக்னலில் என்ஜின் தானே அணைந்து எழும் வண்டி என்றால் அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் இஎஃப்பி (EFB) அல்லது ஏஜிஎம் (AGM) வகைப் பேட்டரிதான் போட வேண்டும். விலை குறைவென்று சாதாரணப் பேட்டரி போட்டால் சீக்கிரம் படுத்துவிடும்.

மின்னல்வெட்டு:
மூடி திறக்கும் பேட்டரி வைத்திருப்பவர்கள் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஆசிடும் வேண்டாம். ஆவியாவது தண்ணீர்தான், ஆசிட் இல்லை. தகடு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவு ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள், மிச்சத்தைச் சார்ஜ் முடிந்தபின் நிரப்புங்கள்.

சாலையோரம் அண்ணா, கேபிள் போட்டு எடுக்கும்போது கடைசி கறுப்புக் கிளிப்பை எங்கே மாட்டினீர்கள்?

சாலையோரம்:
என் பேட்டரியின் நெகட்டிவில்தான். தப்பா?

மின்னல்வெட்டு:
ஸ்டார்ட் ஆகும், ஆனால் கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வரும் இடத்தில் பொறி வேண்டாமே. பேட்டரியை விட்டுத் தள்ளி, என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள்.

சாலையோரம்:
குறித்துக்கொண்டேன். பேட்டரி நிலவரம்: இரவு முழுக்க சார்ஜ், ஒரு நாள் ஓய்வு, 12.55. லோடு டெஸ்டில் தேறியது, ஆனால் ‘கொஞ்சம் பலவீனம்’ என்றார்கள். டேஷ்கேம் வயரை மாற்றியாகிவிட்டது.

பழைய ஸ்பேனர்:
ஓட்டுங்கள், தம்பி. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு லோடு டெஸ்ட். அதற்குள் நீண்ட நாள் நிறுத்த வேண்டி வந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டு நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.