என் தப்புக்கு இன்னொருவர் மெமோ வாங்கினார்; கர்த்தரிடம் அறிக்கையிட்டால் போதுமா?

கேள்வி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். யாரிடமும் சொல்லாத விஷயம் இது. பெயர் தெரியாத இடம் என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

அலுவலகத்தில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஆர்டரில் 210 என்று போட வேண்டிய இடத்தில் 120 என்று போட்டுவிட்டேன். அந்த ஷீட்டை வாடிக்கையாளருக்கு அனுப்பியது எனக்குக் கீழே வேலை செய்யும் தம்பி. சரக்கு குறைந்து போய்ப் பெரிய பிரச்சினை ஆனது. மேலாளர் எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினார், மெமோ கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து இன்கிரிமென்ட் பட்டியல் வந்தபோது அவன் பெயர் இல்லை.

நான் பொய் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று மாலை ஜெபக்கூட்டத்தை நடத்தியவன் நான்தான்.

அவன் விசுவாசி இல்லை. நான் ஜெபிக்கிறவன் என்று அவனுக்குத் தெரியும். போன மாதம் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று சொல்லி, "சார், எனக்காகவும் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க" என்றான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. முழங்கால் போட்டால் அந்த 120-தான் கண் முன்னால் நிற்கிறது.

கர்த்தரிடம் பலமுறை அழுது அறிக்கையிட்டுவிட்டேன். அவனுடைய வேலையில் பாதியை நானே இழுத்துப் போட்டுக்கொண்டும் செய்கிறேன். இதோடு விட்டுவிடலாமா, நேரில் போய்ச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? வீட்டுக் கடன் இருக்கிறது. வேலை போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

முதல் பதில்

பிரதர், 1 யோவான் 1:9 வாசியுங்கள். பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர். மன்னிக்கப்பட்டதைத் திரும்பத் தோண்டினால் சமாதானம்தான் போகும். குடும்பத்தையும் நினைத்துப் பாருங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

இரண்டாம் பதில்

தம்பி, எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேலே சகோதரர் சொன்ன வசனம் சத்தியம். ஆனால் அது உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவே உள்ள கணக்கு. அந்தத் தம்பியின் கணக்கு இன்னும் திறந்தே கிடக்கிறதே?

மத்தேயு 5:23-ஐ நிதானமாகப் படியுங்கள். "உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறைஉண்டென்று" நினைவு வந்தால் என்கிறார் ஆண்டவர். நமக்கு அடுத்தவன் மேல் உள்ள மனத்தாங்கலைப் பற்றி அல்ல, அவனுக்கு நம் மேல் உள்ள குறையைப் பற்றித்தான் அங்கே பேசுகிறார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போ என்கிறார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள், பலிபீடம் எருசலேமில். நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாள் நடந்து வந்தவன் மறுபடி மூன்று நாள் நடந்து ஊருக்குப் போய், ஒப்புரவாகி, திரும்பவும் வர வேண்டும். அது லேசான காரியம் இல்லை என்று தெரிந்தேதான் சொன்னார்.

மோசேயின் நியாயப்பிரமாணத்திலும் இதே வரிசைதான். லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில், அடுத்தவனை வஞ்சித்தவன் முதலை முழுசாகக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் கொடுக்க வேண்டும். கர்த்தருக்குச் செலுத்தும் குற்றநிவாரண பலி அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது. லூக்கா 19-இல் ஆண்டவரைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். தானாக ஒப்புக்கொள்கிறவனுக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கே போதும். அவனோ நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் தருகிறேன் என்றான். அது யாத்திராகமம் 22-இல் ஆட்டைத் திருடி விற்றவனுக்குச் சொன்ன அளவு. தன்னைத் திருடன் என்றே கணக்குப் போட்டுக்கொண்டான். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற வார்த்தை அதற்கு அப்புறம்தான்.

போய்ச் சொல்லுங்கள்.

மூன்றாம் பதில்

அண்ணா, நான் எதிர்ப் பக்கத்தில் இருந்தவள். என் மேல் இல்லாத பழியைப் போட்ட ஒருவர், இரண்டு வருஷம் கழித்து வந்து மன்னிப்புக் கேட்டார். அழுதார். "ஆண்டவர் என்னோடே பேசினார்" என்றார். எனக்காக ஒரு ஜெபமும் பண்ணிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார். அலுவலக ஃபைலில் என் பெயர் அப்படியே இருந்தது. அவருடைய பாரத்தை இறக்கி வைக்க நான் ஓர் இடம், அவ்வளவுதான் என்று தோன்றியது. அந்தக் கோபம் தணிய எனக்கு ரொம்ப நாள் ஆனது.

அதனால் முதலில் மேலாளரிடம் போங்கள். எழுத்தில் கொடுங்கள். மெமோவை நீக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மெமோ வாங்கினவரிடம் போங்கள். அவரிடம் வசனம் வேண்டாம், வீட்டுக் கடன் கதையும் வேண்டாம். "தப்பு என்னுடையது, தெரிந்தே பேசாமல் இருந்தேன்" என்பது போதும். அங்கேயே மன்னிக்கச் சொல்லி நிற்காதீர்கள். அது இன்னொரு சுமை.

கேட்டவர், ஒன்பது நாள் கழித்து

ஐயா, சிஸ்டர், இரண்டு பேருக்கும் நன்றி. உங்கள் பதில்களை எழுதி எடுத்து பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் கடிதத்தோடு மேலாளர் அறைக்குப் போனேன். வாசித்துவிட்டு, "இப்ப ஏன் சொல்றீங்க?" என்று கேட்டார். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "அப்பவே சொல்லியிருக்கணும் சார்" என்றேன். அவனுடைய மெமோவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். எனக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது. வேலை இருக்கிறது. இன்கிரிமென்ட்டை இனிமேல் சேர்ப்பார்களாம், விட்டுப்போன ஆறு மாதத்துக்குக் கிடைக்குமா என்று சொல்லவில்லை.

மதியம் அவனிடம் சொன்னேன், சிஸ்டர் சொன்ன மாதிரியே. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "எட்டு மாசமா உங்களுக்குத் தெரியுமா சார்?" ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டான். இன்றுவரை வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாதது நியாயம் என்றுதான் எனக்குத் தெரிகிறது. ஆனாலும் பக்கத்து மேசையில் அவன் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது. அவன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று வேறொருவர் சொல்லித்தான் தெரியும்.

ஜெபக்கூட்டத்திலும் இதைச் சொல்லிவிட்டேன். இப்போதைக்கு வேறொருவர் நடத்துகிறார், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆறு மாதத் தொகையை அலுவலகம் தராவிட்டால் நானே ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுப்பது என்று முடிவு செய்து, எடுத்தும் வைத்துவிட்டேன். ஆனால் என் கையால் நீட்டினால், பணம் கொடுத்து வாயை அடைக்கிறான் என்று நினைப்பானோ? மேலாளர் வழியாகக் கொடுக்கலாமா?

இரண்டாம் பதில் எழுதியவர்

வேண்டாம் தம்பி. மேலாளர் வழியாகப் போனால் அது சலுகை மாதிரி ஆகிவிடும். மெமோ வாங்கினவருக்குச் சேர வேண்டிய பணம் அது. மாத வாரியாகக் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள், கடைசியில் அந்த ஐந்தில் ஒரு பங்கையும் காட்டுங்கள். கவரில் போட்டு, "இது உங்களுடையது" என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், தனியாக எடுத்து வையுங்கள். அதிலிருந்து செலவு மட்டும் செய்யாதீர்கள்.