பார் மீனுக்கு ராடும் ரீலும்: தூத்துக்குடி கடலுக்கு எதை வாங்குவது?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான் மதுரை. இதுவரை தூண்டில் போட்டதெல்லாம் வைகை அணையிலும் ஊர்க் கண்மாயிலும்தான். ஜிலேபி, விரால், எப்போதாவது ஒரு கெண்டை. கையில் இருப்பது 9 அடி ஸ்பின்னிங் ராடு, 4000 அளவு ரீல், 0.35 மி.மீ. நரம்பு.

என் மனைவியின் அண்ணன் தூத்துக்குடியில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத்திட்டுக்குப் போய்க் கைத்தூண்டில் போடுகிறவர். விளமீன், களவா, செப்பிலி எல்லாம் வரும் என்கிறார். ஆழம் எவ்வளவு என்றால் "15 பாகம், 20 பாகம்" என்கிறார், மீட்டரில் கேட்டால் சிரிக்கிறார். பொங்கல் லீவுக்கு என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

கைத்தூண்டில் எனக்குப் பழக்கமில்லை, ராடு ரீலோடு போகத்தான் ஆசை. இருக்கிற செட்டே போதுமா? புதிதாக வாங்கினால் ராடுக்குக் கீழே தொங்குகிற ஸ்பின்னிங் ரீலா, மேலே உட்காருகிற ஓவர்ஹெட்டா? இங்கே ஒரு கடையில் 12 அடி ராடும் 10000 ரீலும் எடுத்து வைத்து, "கடல்னா இதுதான் சார்" என்றார்கள். ராடு, ரீல், நரம்பு எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்குள் முடிக்கப் பார்க்கிறேன். பஸ்ஸில்தான் போவேன் என்பதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

ராம்நாடு_கடலோரம்:

4000 ரீலைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். பாரில் ஒரு களவா பிடித்தால் அன்றோடு அதன் பல் சக்கரம் காலி. 8000 ஸ்பின்னிங், 7 அடி ராடு, பிஇ 3 பிரெய்டு (பின்னல் நரம்பு; பிஇ அதன் தடிமன் எண்). முடிந்தது. ஓவர்ஹெட் எல்லாம் பழகினவர்களுக்கு. முதல் நாளே சிக்கல் விழுந்து அதை அவிழ்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள்.

முத்துநகர்_தூண்டில்:

அண்ணே, அந்த 12 அடி ராடை முதலில் கடையிலேயே விட்டுவிடுங்கள். அது கரையில் நின்று அலைக்கு அப்பால் வீசுகிறவருக்கு. படகில் யாரும் வீசுவதில்லை, ஈயம் நேராகக் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். ராடு நீள நீள மீன் பக்கம்தான் பலம் சேரும், உங்கள் பக்கம் இடுப்பு வலிதான் சேரும். அப்புறம் ஃபைபர் படகில் நாலு பேர், ஐஸ் பெட்டி, டீசல் கேன் என்று எல்லாம் கிடக்கும். 12 அடியை ஒரு தடவை திருப்பினால் அணியத்தில், அதாவது முன்பக்கம், இருப்பவர் தொப்பி கடலில். ஆறரை அடி போதும், 7 அடியைத் தாண்ட வேண்டாம்.

நிறைய பேர் எந்த மீன், எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டு ராடு வாங்குகிறார்கள். பார் தூண்டிலுக்கு நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எத்தனை கிராம் ஈயம் கட்டினால் உங்கள் தூண்டில் தரையில் நிற்கும்? மீன் வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஈயத்தை விடிந்ததிலிருந்து மதியம் வரை இறக்கி ஏற்றப்போவது நீங்கள். ராடு, ரீல், நரம்பு மூன்றும் அந்த ஒரு எண்ணில் இருந்துதான் வரும்.

15 முதல் 20 பாகம் என்றால் சுமார் 27 முதல் 36 மீட்டர். நீவாடு, அதாவது நீரோட்டம், இல்லாத நேரத்தில் அந்த ஆழத்துக்கு 100, 150 கிராம் ஈயமே உட்காரும். நீவாடு இழுக்க ஆரம்பித்தாலோ, காற்றில் படகு ஓடினாலோ 250, 300 கிராம் வரை போக வேண்டியிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு கூடும். ஆடி மாதக் கச்சான் காற்றுக்கு நீங்கள் வரப்போவதில்லை, ஆனால் பொங்கல் சமயம் வாடைக்காற்று இருக்கும். ஈயம் போதவில்லை என்றால் நரம்பு சாய்ந்து, நடுவில் வயிறு தள்ளி நிற்கும். கீழே கிளாத்தி மீன் இரையைச் சுத்தமாகத் தின்றுவிட்டுப் போயிருக்கும், மேலே உங்களுக்கு ஒரு தட்டுக்கூடத் தெரியாது.

அதனால் மச்சானிடம் மீட்டர் கேட்காதீர்கள், எவ்வளவு ஈயம் கட்டுகிறார் என்று கேளுங்கள். கை அறுக்காமல் இருக்க அவர் தடித்த தங்கூஸ்தான், அதாவது நைலான் நரம்புதான், போடுவார். 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிஇ 3 பிரெய்டு ஏறக்குறைய 0.28 மி.மீ. தண்ணீர் பிடித்துத் தள்ளுகிற அகலம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக அவர் கட்டுவதைவிடக் குறைந்த ஈயத்தில் உங்கள் தூண்டில் நிற்கும். அதோடு தங்கூஸ் ரப்பர் மாதிரி நீளும், பிரெய்டு நீளாது. 20 பாகத்தில் ஒரு விளமீன் இரையை உரசினாலே ராடு நுனி சொல்லிவிடும்.

இப்போது ராடு. கைப்பிடிக்கு மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். பிஇ 2-4 என்றோ, 20-40 பவுண்டு என்றோ, ஜிக் (உலோகப் போலி இரை) எடை 300 கிராம் வரை என்றோ இருந்தால் சரி. அதிகபட்சம் 100 கிராம் என்று போட்ட ராடில் 250 கிராம் ஈயத்தைத் தொங்கவிட்டால் நுனி அப்போதே பாதி வளைந்து நிற்கும். மீன் தட்டுவதைச் சொல்ல அதற்கு இடமே மிச்சமில்லை. கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பையில் ஒரு 250 கிராம் ஈயத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். நுனியில் கட்டித் தொங்கவிட்டால் மேலே ஒரு அடி மட்டும் லேசாகத் தலை குனிய வேண்டும். அடுத்து ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தூக்குங்கள். வளைவு நடு வரைக்கும் வரலாம், கைப்பிடிப் பக்கம் அசையக் கூடாது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

முழு கிராஃபைட் ராடு கையில் பிடிக்கச் சுகமாக இருக்கும், கடைக்காரர்களும் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஆனால் நம்ம படகில் ராடு ஹோல்டர் கிடையாது. ராடு பலகை மேல் கிடக்கும், மேலே கால் படும், ஈயம் விழும். கிராஃபைட்டில் அப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தால் அடுத்த பெரிய மீனுக்கு அதே இடத்தில் டப்பென்று போகும். கண்ணாடி இழை ராடோ, இரண்டும் கலந்ததோ கொஞ்சம் கனம்தான், ஆனால் அடி தாங்கும். என் ஓட்டு அதற்கே. பஸ்ஸுக்கு, கைப்பிடி மட்டும் தனியாகக் கழல்கிற வகையாகப் பாருங்கள். சரிபாதியில் பொருத்துகிற ராடைவிட அதில் வளைவு சீராக வரும்.

ரீல் விஷயத்தில் ராம்நாடு அண்ணனோடு எனக்குப் பாதி ஒப்புதல்தான். 8000 ஸ்பின்னிங் தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் ஸ்பின்னிங்கில் நரம்பு ரோலரில் ஒரு திருப்பம் திரும்பித்தான் ஸ்பூலுக்கு, அதாவது நரம்பு சுருளும் உருளைக்கு, போகிறது. 300 கிராம் ஈயமும் மீனுமாகச் சுற்றும்போது அந்தத் திருப்பத்தின் பாரம் முழுக்க உங்கள் மணிக்கட்டில் தெரியும். ஓவர்ஹெட்டில் நரம்பு நேராகச் சுருளும், கிணற்று ராட்டினம் போலத்தான். அளவில் சின்னதாக இருந்தும் அது அதிகம் இழுக்கும். சிக்கல் விழும் என்று பயமுறுத்துகிறார்கள். அது வீசுகிறவர்களுக்கு. நேராக இறக்கும்போது கட்டைவிரலை ஸ்பூல் மேல் லேசாக வைத்திருந்தால் போதும். ஈயம் தரை தொடுவது விரலிலேயே தெரியும், அந்த நொடி அழுத்திப் பிடித்து, ஸ்பூலைக் கைப்பிடியோடு பூட்டுகிற லீவரைப் போட்டு, ரெண்டு சுற்று மேலே ஏற்றுங்கள். ஏற்றாமல் விட்டால் பார் இடுக்கில் சிக்கிவிடும்.

பல் விகிதம் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று என்பது) 4:1-இல் இருந்து 5:1-க்குள் இருக்கட்டும். 6:1-க்கு மேல் உள்ளவை வேகமாகச் சுற்றும், பாரம் ஏறினால் கைப்பிடி அசையாது. டிராக், அதாவது மீன் இழுத்தால் நரம்பை வழுக்க விடுகிற பிரேக், 8 கிலோவாவது இருக்க வேண்டும். பென், ஷிமானோ, டைவா, ஒகூமா எல்லாவற்றிலும் ஸ்டார் டிராக் (நட்சத்திரச் சக்கரத்தைத் திருகி இறுக்குவது) போட்ட சாதாரண மாடல்கள் உண்டு. லீவர் டிராக் உங்கள் பட்ஜெட்டுக்குள் வருவது கஷ்டம், இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. பணத்தில் பெரிய பங்கு ரீலுக்குப் போகட்டும். அடுத்தது நரம்பு. ராடுக்கு மிச்சம்.

களவாவைப் பற்றி ஒரு வார்த்தை. இரையைக் கவ்வியதும் அது ஓடுவதில்லை, பொந்துக்குத் திரும்பும். முதல் ரெண்டு மூன்று மீட்டரிலேயே ஆட்டம் முடிந்துவிடும். அதைத் தரையிலிருந்து கிளப்பிவிட்டால் அப்புறம் பெரிய சண்டை கிடையாது, மேலே வர வர அதன் காற்றுப்பை உப்பித் தானே மிதந்து வரும். பொந்தில் நுழைந்து செவுளை விரித்துக்கொண்டால் உங்கள் லீடர் (நுனியில் கட்டும் தடித்த நரம்பு) பாரில் அறுந்துதான் வரும். அதனால் டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து "போதும்" என்று சொல்லாமல் அளந்து வையுங்கள். பை எடை போடும் கொக்கித் தராசு இருக்கிறதல்லவா, நரம்பை அதில் கட்டி, ராடை வளைத்துப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். 40 பவுண்டு நரம்பு என்பது 18 கிலோ. அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது நாலரை முதல் 6 கிலோவில் டிராக் வழுக்க ஆரம்பிக்க வேண்டும். மீன் பக்கத்தில் வந்ததும் ராடை வானத்தைப் பார்த்து நிமிர்த்தாதீர்கள். நல்ல ராடுகள் ஒடிவது பெரும்பாலும் அப்போதுதான்.

பிரெய்டு 200 மீட்டர் போதும். ஸ்பூலின் அடியில் முதலில் கொஞ்சம் தங்கூஸ் சுற்றிக்கொள்ளுங்கள், வெறும் ஸ்பூலில் பிரெய்டு வழுக்கும். பிரெய்டை ஈரத் துணியால் இறுக்கிப் பிடித்துச் சுற்றுங்கள். தொளதொளவென்று சுற்றினால் பாரம் ஏறும்போது அடி அடுக்குக்குள் புதைந்துகொள்ளும். நுனியில் 60 பவுண்டு லீடர் ஒரு பாகம். ஈயத்தை மட்டும் அதைவிட மெல்லிய நரம்பில் கட்டுங்கள், சிக்கினால் ஈயம் மட்டும் போகும். இரைக்குக் கணவாய்த் துண்டு முதலில், சாளை அப்புறம். கிளாத்தி கூட்டத்தில் சாளை நிற்காது.

கடைசியாக ஒன்று. வான் தீவு, காசுவார் பக்கம் போகலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. மச்சானுக்கு எல்லை தெரிந்திருக்கும்.

பெடோக்_ஜெட்டி:

சிங்கப்பூரிலிருந்து. இங்கே பெடோக் ஜெட்டியில் தூண்டில் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்பின்னிங்தான், நானும்தான். ஜெட்டியில் கொஞ்சமாவது வீச வேண்டும், கம்பியைத் தாண்ட நீளமும் வேண்டும், அதனால் 8 அடி ராடு. படகில் தெற்குத் தீவுகள் பக்கம் போகும்போது முத்துநகர் சொன்னதுபோலக் குட்டை ராடும் ஓவர்ஹெட்டும்தான் கை வலிக்காமல் வைக்கிறது. ஒன்றே ஒன்று வாங்கி, கரைக்கும் படகுக்கும் இரண்டுக்கும் வைத்துக்கொள்ள நினைப்பவர் ஸ்பின்னிங் வாங்குவதில் தப்பில்லை. கேட்டவர் அதைச் சொல்லவில்லையே.

சர்க்கிள் ஹூக் (முனை உள்ளே வளைந்த முள்) போடுங்கள், 5/0 அளவு. மீன் தட்டியதும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது, சும்மா சுற்ற ஆரம்பித்தால் வாயோரத்தில் தானே மாட்டும். குளத்துப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

ராம்நாடு_கடலோரம்:

முத்துநகர் தம்பி, கட்டைவிரல் எல்லாம் சரி. ஓவர்ஹெட்டில் மேலே சுற்றும்போது நரம்பை இடதும் வலதுமாக விரலால் தள்ளிப் பரப்ப வேண்டும். புது ஆள் மீன் பரபரப்பில் அதை மறப்பார், நரம்பு ஒரு பக்கமாகக் குவிந்து சட்டத்தில் உரசும். நான் இன்னும் ஸ்பின்னிங்தான் சொல்வேன்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் கேட்டேன். நீவாடு இருந்தால் "கால் கிலோவுக்கு மேல" கட்டுவாராம். அப்படியானால் ராடு 300 கிராம் வகை என்று முடிவு. ஓவர்ஹெட்டுக்கு மனசு சாய்கிறது. தெரிந்தவர் ஒருவர் பழைய ஓவர்ஹெட் ரீல் ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

முத்துநகர்_தூண்டில்:

ராம்நாடு அண்ணன் சொன்னது உண்மை. அதற்கு லெவல்வைண்ட் உள்ள ரீல் இருக்கிறது, நரம்பை அதுவே பரப்பிக்கொள்ளும். ஆனால் உப்பில் முதலில் மக்கர் செய்வதும் அந்தப் பாகம்தான். எனக்கு விரலே போதும்.

பழைய ரீல் வாங்கலாம், கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கைப்பிடியை மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சுற்றுங்கள். நறநறவென்று மணல் அரைக்கிற மாதிரி இருந்தால் பேரிங்கில் உப்பு இறங்கிவிட்டது. பேரிங் மாற்றலாம், அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். ஸ்பூலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. லீவரைப் போட்டுவிட்டுக் கைப்பிடியைப் பின்பக்கம் தள்ளுங்கள், உடனே நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் வேண்டாம். ரீல் அடிக்கால் திருகுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். லேசாக இருந்தால் பரவாயில்லை, உலோகம் குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

முக்கியமாக டிராக். கொக்கித் தராசில் 5 கிலோ வைத்து மெல்ல இழுங்கள். நரம்பு சீராக வழுக்கி வர வேண்டும், விட்டு விட்டுக் குதித்து வந்தால் வாஷர் போய்விட்டது. அந்த மாடலுக்கு வாஷர் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள். டிராக்கை முறுக்கியபடியே வருஷக்கணக்காகப் பரணில் போட்டிருந்தால் வாஷர் நசுங்கித்தான் இருக்கும். நீங்களும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் லேசாக நனைத்துத் துடைத்து, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும்.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பிரெய்டையும் லீடரையும் சேர்க்கிற எஃப்ஜி முடிச்சை அதற்குள் வீட்டிலேயே போட்டுப் பழகிவிடுங்கள், ஆடுகிற படகில் அது வராது.