புதைமண்ணா, மூடுதரையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இறந்தோர்க்காகப் பழங்காலத்தில் எழுப்பிய மண்மேடுகளான ஈமமேடுகளின் அடியில் அப்படியே தங்கிவிட்ட பழைய நிலத்துக்கு, தொல்லியலில் ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். 'புதைமண்' போதும் என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. மாணவர் காதில் அது புதைமணலாக விழும். ஈமமேட்டைப் பற்றிய கட்டுரையில் வந்தாலோ, பிணம் புதைத்த குழியின் மண் என்றே பொருள்படும். நாம் சொல்ல வருவது குழியை அல்ல. மேடு எழுப்பிய நாள்வரை வெயில்பட்டுக் கிடந்த தரையை.

இங்கிலாந்தில் ஏவ்பரிக்கு அருகே சவுத் ஸ்ட்ரீட் நெடுமேடு என்ற நீண்ட ஈமமேடு இருக்கிறது. தொல்லியலாளர் ஜான் எவன்ஸ் 1966-67இல் அதை அகழ்ந்தபோது, அடியிலிருந்த சுண்ணப்பாறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள் தெரிந்தன. புதிய கற்கால மக்கள் உழுத சால்கள் அவை! மேட்டுக்குள் மனிதரைப் புதைத்த தடயமே கிடைக்கவில்லை. அங்கே போய் 'புதை' என்பதை எப்படி ஒட்டுவது?

அந்தத் தரையின் வரலாற்றைச் சொன்னவை நத்தை ஓடுகள். பழைய செடிகொடிகளைக் காட்டும் மகரந்தம் காற்றோட்டமுள்ள சுண்ண மண்ணில் பெரும்பாலும் அழிந்துவிடும், ஓடு நிலைக்கும். அமில மண்ணில் நேர்மாறு. ஏறத்தாழ ஒரு கிலோ மண்ணை நீரில் கரைத்து, அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, உருப்பெருக்கியின் கீழ் ஓடுகளைப் பொறுக்குவார்கள். உடைந்த ஓட்டை இருமுறை எண்ணிவிடாதிருக்க, சுருளின் உச்சியை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். சவுத் ஸ்ட்ரீட்டில் முதலில் நிழல் விரும்பும் நத்தைகள், பிறகு திறந்தவெளி நத்தைகள்: காடு அழிந்து, உழவு நடந்து, புல்வெளியானது புரிந்தது. மண்ணைத் துளைத்து இறங்கும் ஊசிபோன்ற சிறு நத்தை ஒன்று உண்டு. பிற்காலத்தில் நுழைந்திருக்கலாம் என்பதால் அதைத் தள்ளிவிடுவார்கள்.

ஆகவே 'மூடுதரை' என்கிறேன். மூடுபனி என்றால் மூடுகின்ற பனி, அப்படியானால் மூடுதரை மூடுகின்ற தரை ஆகாதா என்று தங்கை கேட்டது நல்ல கேள்வி. வினைத்தொகை இரு பக்கமும் செல்லும். குடிநீர் எதையும் குடிப்பதில்லையே, குடிக்கப்படும் நீர்தானே? தொல்லியலாரே நாள்தோறும் புழங்கும் சுடுமண்ணும் அப்படித்தான்.

கோட்டைக் கரைக்கு அடியிலும் வண்டலுக்கு அடியிலும் இத்தகைய தரை கிடைக்கும். அங்கும் இச்சொல் பொருந்தும். 'மேட்டடி மண்' பொருந்தாது. ஓட்டின் 'உச்சி'க்கு மட்டும் இன்னும் நல்ல சொல் வேண்டும். 'முகடு' என்றால் கூரை நினைவுக்கு வருகிறது. சங்கு அறுப்பவர்கள் அந்த முனையை என்ன சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.