எண்ணெய் வண்ணம்: பித்தளைச் செம்பின் நிழல் மங்கி, விரிசலும் விடுகிறது

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். நீர்வண்ணத்தில் பழகிய நான் இப்போதுதான் எண்ணெய் வண்ணத்துக்கு வந்திருக்கிறேன். பித்தளைச் செம்பு ஒன்றையும் மூன்று எலுமிச்சம்பழங்களையும் சன்னலோரம் வைத்து, முதல் கட்டமாக ஐவரி பிளாக் என்ற கருப்பு வண்ணத்தையும் வெள்ளையையும் சற்றுத் தடிமனாகவே பூசி ஒளி நிழலை அமைத்தேன். ஒரு வாரம் கழித்து, டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை நிழல்களின் மேல் தீட்டினேன். ஈரத்தில் ஆழமாகத் தெரிந்த செம்பின் கழுத்து நிழல் இப்போது சாம்பல் பூத்ததுபோல் மங்கிவிட்டது. ஓரத்தில் மயிரிழை விரிசல்களும் தெரிகின்றன. வார்னிஷ் பூசினால் சரியாகுமா?

மறுமொழி 1:
தயவுசெய்து இப்போது வார்னிஷ் பூசாதீர்கள். அதற்குக் குறைந்தது ஆறு மாதங்களாவது ஆக வேண்டும். எண்ணெய் வண்ணம் நீர்வண்ணத்தைப்போல் ஆவியாகி உலர்வதில்லை. அதில் கலந்துள்ள ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் இறுகுகிறது. அம்பரில் உள்ள மாங்கனீசு அதை விரைவுபடுத்துகிறது, ஐவரி பிளாக்கோ மிக மெதுவாக உலர்வது. அதனால் மேல்பூச்சு இறுகிய பிறகும் அடிப்பூச்சு அசைந்துகொண்டிருக்க, மேலே விரிசல் விடுகிறது. மங்கலுக்குக் காரணம் வேறு: டர்பன்டைன் மிகுந்து எண்ணெய் குறைந்த பூச்சு ஒளியைச் சிதறடிக்கிறது. விரிசல் உள்ள இடத்தை வண்ணம் குழைக்கும் பேலட் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெறுமனே மங்கிய இடத்தில், நன்கு உலர்ந்தபின் துளி ஆளி விதை எண்ணெயைத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தால் ஆழம் திரும்பும். அந்தத் துணியைக் கசக்கிப் போடாமல் நீரில் நனைத்து வையுங்கள். தானாகவே தீப்பற்றக்கூடியது அது.

மறுமொழி 2:
அடுத்த முறை வரிசையை மாற்றிப் பாருங்கள். முதல் கட்டத்துக்கு மெல்லிய அம்பரே போதும். அதன் மேல் வரும் ஒவ்வொரு பூச்சிலும் எண்ணெய் சிறிது கூடவேண்டும். ஹார்லெம் நகர ஓவியர் வில்லெம் ஹேடா 1635இல் தீட்டிய பொன்முலாம் கிண்ண ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: படம் முழுவதும் அடங்கிய சாம்பல், பழுப்புச் சாயலில் இருப்பதால்தான் பாதி உரித்த எலுமிச்சையின் மஞ்சள் அவ்வளவு எழுந்து நிற்கிறது. உங்கள் செம்பிலும் பழத்தின் மஞ்சள் சற்றுப் பச்சை கலந்து பிரதிபலிக்கும். அதைத் தீட்டிய பிறகே உச்ச ஒளிப்புள்ளியைத் தடித்த வெள்ளையால் ஒரே தொடுகையில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கழுத்துப் பகுதியைச் சுரண்டினேன். மேலே காய்ந்திருந்தும் அடியிலிருந்த கருப்பு இன்னும் கத்தியில் ஒட்டிக்கொண்டு வந்தது.