காய இழப்பீடு பெற வழக்கறிஞருக்குக் கொடுத்த கட்டணத்தை வருமான வரியில் கழிக்க முடியுமா?

உட்லண்ட்ஸ் மலர் கேட்கிறார்:

சிங்கப்பூரின் துவாஸில் உள்ள ஒரு பட்டறையில் வேலை செய்தபோது, 2024ஆம் ஆண்டில் என் கணவருக்கு வலது கையில் காயம் ஏற்பட்டு, 20 விழுக்காடு நிரந்தர இயலாமை என்று மருத்துவர் மதிப்பிட்டார். காப்புறுதித் தரப்பு அந்த மதிப்பீட்டை ஏற்க மறுத்ததால் நாங்கள் ஒரு வழக்கறிஞரை அமர்த்த வேண்டியதாயிற்று. இழப்பீடு இப்போது கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் கணிசமான தொகை கட்டணத்திற்கும், அதன்மீது விதிக்கப்பட்ட 9 விழுக்காடு பொருள் சேவை வரிக்கும் போய்விட்டது. உடற்குறை உதவித்தொகையைப் பெறச் செலவிட்ட வழக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியை வரியிலிருந்து கழிக்கலாம் என இணையத்தில் படித்தேன். என் கணவர் வேறு வேலையில் சேர்ந்து சம்பளம் வாங்குகிறார். அவருடைய வரிப் படிவத்தில், வேலை தொடர்பான செலவுகள் என்ற பகுதியில் இதைச் சேர்க்கலாமா? இழப்பீட்டை வருமானமாகக் காட்ட வேண்டுமா?

ஈசூன் கணக்கர் பதில்:

சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. காயத்திற்காகவோ மரணத்திற்காகவோ வழங்கப்படும் இழப்பீட்டிற்கு இங்கே வருமான வரி கிடையாது. ஆகவே அதைப் படிவத்தில் காட்ட வேண்டியதில்லை. 1947ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், வருமானத்தை ஈட்டுவதற்காக முழுமையாகவும் அதற்கென்றே மட்டும் செய்யப்பட்ட செலவைத்தான் கழிக்க இடம் தருகிறது. வரியே விழாத ஒரு தொகையைப் பெறுவதற்குச் செய்த செலவை, உங்கள் கணவரின் இப்போதைய சம்பளத்திலிருந்து கழிக்க எந்த வழியும் இல்லை. நியாயமாகத் தோன்றாவிட்டாலும், மொத்தத்தில் நீங்கள் இழந்தவர் அல்லர் என்பதே என் கருத்து: 2020 தொடக்கம் முதல் 2025 அக்டோபர் வரை நிகழ்ந்த விபத்துகளில், வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி 20 விழுக்காடு நிரந்தர இயலாமைக்கான இழப்பீடு 19,400 வெள்ளிக்கும் 57,800 வெள்ளிக்கும் இடையில் அமையும். அந்தத் தொகை முழுவதும் வரியின்றி வந்திருக்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது உடற்குறையுள்ளோருக்கான வருமானக் கழிவு. 55 வயதுக்குட்பட்ட ஊழியருக்கு வழக்கமாக 1,000 வெள்ளியாக இருக்கும் கழிவு, உடற்குறையுள்ளவருக்கு 4,000 வெள்ளியாகிறது. 55 முதல் 59 வயது வரை 10,000, அதற்கு மேல் 12,000. நிரந்தர இயலாமை மதிப்பீடு இருப்பதால் மட்டும் இது தானாகக் கிடைத்துவிடாது. தகுதி இருக்கிறதா என்று உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பொங்கோல் வாசகர் பதில்:

மலர் அவர்கள் படித்தது அமெரிக்க விதியாக இருக்க வேண்டும். அங்கே சமூகப் பாதுகாப்பு உடற்குறை உதவித்தொகையில், பெறுபவரின் மற்ற வருமானத்தைப் பொறுத்து, ஒரு பகுதிக்கு வரி உண்டு. தாமதமாகிச் சேர்ந்த நிலுவை உதவித்தொகையில் 25 விழுக்காடு அல்லது அங்குள்ள உச்சவரம்பு, இவற்றில் எது குறைவோ அது வழக்கமாக வழக்கறிஞருக்குப் போகிறது. அந்தக் கட்டணத்தில், வரிக்குட்பட்ட பகுதிக்கு ஈடான பங்கைக் கழிக்க அனுமதித்த விதியை 2018இல் நிறுத்தி வைத்தார்கள். 2025இல் வந்த சட்டம் அந்த நிறுத்தத்தை நிரந்தரமாக்கிவிட்டது. பழைய பக்கங்கள் மட்டும் இன்னும் இணையத்தில் உலவுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வென்ற தொகையில் இத்தனை விழுக்காடு என்று வழக்கறிஞர் பங்கு கேட்பதை, இத்தகைய வழக்குகளில் சிங்கப்பூர்ச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2022இல் வந்த நிபந்தனைக் கட்டண முறையும், அதாவது வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் அமையும் முறையும், நடுவர் மன்றம் போன்ற சில நடவடிக்கைகளுக்கு மட்டுமே உரியது. உங்கள் கட்டணம் எந்த அடிப்படையில் கணக்கிடப்பட்டது என்று விவரமான ரசீது கேட்பது, வரிக் கழிவைத் தேடுவதைக் காட்டிலும் பயன் தரும். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ்க் கோரிக்கை வைக்க வழக்கறிஞர் கட்டாயமில்லை என்பதையும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். மனிதவள அமைச்சிடம் நேரடியாகவே கோரலாம். முதலாளியின் கவனக்குறைவைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வதென்றால்தான் வழக்கறிஞர் இல்லாமல் சிரமம். ஆனால் இரு வழிகளையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள முடியாது.

தனியார் வாடகைக் கார் ஓட்டுநர் கேட்கிறார்:

நான் சுயதொழில் செய்பவன். விபத்தில் காயமடைந்து வழக்கறிஞர் வைத்தேன். அந்தச் செலவைத் தொழில் கணக்கில் எழுதலாமா?

ஈசூன் கணக்கர் பதில்:

எழுத முடியாது, ஐயா. தொழிலில் வர வேண்டிய கடனை வசூலிக்க வழக்கறிஞருக்குக் கொடுத்தால் அது தொழில் செலவு. உங்கள் உடலுக்கு நேர்ந்த காயத்திற்கான இழப்பீட்டைப் பெறக் கொடுத்தால் அது தனிப்பட்ட செலவு. மேலும் நீங்கள் வருவாயில் 60 விழுக்காட்டை நிலையான செலவுக் கழிவாக எடுப்பவர் என்றால், தனித்தனிச் செலவு எதையும் அதற்கு மேல் சேர்க்கவே இயலாது. வாடகைக் கார்ச் செயலி போன்ற இணையத் தளங்களின் வழியாக வேலை செய்வோருக்கு 2025 ஜனவரி முதல் வேலையிடக் காய இழப்பீடு உண்டு. உங்கள் விபத்து அதற்குப் பிறகு நடந்திருந்தால், அந்த வழியில் கோரினீர்களா என்பதை முதலில் சொல்லுங்கள்.